நம்பர் யாருடையது?

தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வீரபாண்டி. கௌமாரியம்மன் கோயில், பக்கத்தில் முல்லையாறு, சுற்றிலும் நெல் வயல், வாழை, தென்னை. மேற்கே போடிநாயக்கனூரில் ஏலக்காய்க்கு மின்னணு ஏலம் வந்து பல வருடங்கள் ஆகின்றன. வியாபாரிகள் வாய்விட்டுக் கேட்ட விலையை இப்போது கம்ப்யூட்டரில் தட்டுகிறார்கள். ஆகவே திரையில் ஏறி இறங்கும் எண்களைப் பார்த்து வாங்குவதும் விற்பதும் இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிய சங்கதி அல்ல. செல்போனில் பங்குச் சந்தை ஆப் வந்தபோது யாரும் மிரளவில்லை. இந்தியாவில் பங்குகளை வைத்திருக்கும் டீமேட் கணக்குகளின் எண்ணிக்கை 2022 ஆகஸ்ட்டில் 10 கோடியைத் தாண்டியது. அடுத்த மூன்றே ஆண்டுகளில் 20 கோடி ஆனது. பெருகிய கணக்குகளில் கணிசமான பங்கு பெருநகரங்களுக்கு வெளியே உள்ளவர்களுடையது.

கணக்கு எப்படித் தொடங்கப்படுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆப்பை இறக்கித் தருவது வீட்டுப் பையன், இல்லாவிட்டால் தெரிந்த ஏஜென்ட். பான் கார்டு, ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் அப்பா பெயரில் சரியாகவே ஏறும். மொபைல் நம்பர் கேட்கும் இடத்தில் மட்டும் ஒரு தடங்கல் வரும். "அண்ணே, ஒவ்வொரு தடவையும் ஓடிபி வந்துச்சான்னு உங்களக் கேட்டுட்டு இருக்க முடியாது. இப்போதைக்கு என் நம்பரப் போட்டுர்றேன்." அந்த 'இப்போதைக்கு' பல வீடுகளில் வருடக்கணக்கில் நீடிக்கிறது.

இது சின்ன வசதி போலத் தெரியும். ஆனால் ஆன்லைன் டிரேடிங் கணக்கின் பாதுகாப்பில் பெரும்பகுதி இன்று அந்தப் பத்து இலக்கத்தின் மேல்தான் நிற்கிறது.

2022 ஜூனில் தேசியப் பங்குச் சந்தை தன் உறுப்பினர்களான புரோக்கர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் மட்டும் போட்டு உள்ளே போகும் வழக்கத்தை அந்த ஆண்டு செப்டம்பர் 30க்குள் நிறுத்த வேண்டும் என்றது. கைரேகை அல்லது முக அடையாளம் ஒன்று, அதோடு பாஸ்வேர்டோ பின் நம்பரோ ஓடிபியோ ஒன்று என இரண்டு வகைச் சான்று இருந்தால் நல்லது. கைரேகைக்கு வழி இல்லாத இடத்தில், மனதில் வைத்திருக்கும் பாஸ்வேர்டும் கையில் இருக்கும் பொருளிலிருந்து கிடைக்கும் ஓடிபியும் சேர்ந்து வேண்டும். அந்த ஓடிபி எஸ்எம்எஸ், மின்னஞ்சல் இரண்டிலும் வர வேண்டும். காலையில் சந்தை திறக்குமுன் ஆப் ஆறு இலக்கம் கேட்டு நிற்பதன் பின்னணி இதுதான்.

பாஸ்வேர்டு மட்டும் இருந்த காலத்தில் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சியாக ஒரு வழக்கு உண்டு. அதன் ஒரு முனை சென்னையில் இருக்கிறது.

2006 ஜூலை முதல் நவம்பர் வரை அமெரிக்காவில் சிலர் தங்கள் ஆன்லைன் பங்குக் கணக்கைத் திறந்தபோது, வைத்திருந்த நல்ல பங்குகள் விற்கப்பட்டு, பெயரே கேள்விப்படாத கம்பெனிகளின் பங்குகள் வாங்கப்பட்டிருப்பதைக் கண்டார்கள். சென்னையைச் சேர்ந்த இருவரும், மலேசியாவில் குடியிருந்த இந்தியர் ஒருவரும் தாய்லாந்திலும் இந்தியாவிலும் இருந்தபடி இதைச் செய்தார்கள் என்று அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையமான எஸ்இசி 2007 மார்ச்சில் வழக்குத் தொடுத்தது. முறை எளிமையானது. அதிகம் கைமாறாத பங்குகளை முதலில் தங்கள் கணக்கில் மலிவாக வாங்கிக்கொள்வார்கள். பிறகு திருடிய யூசர் பெயர், பாஸ்வேர்டு வழியாக அடுத்தவர் கணக்கில் நுழைந்து, அவர் பணத்தை வைத்து அதே பங்கை விலை ஏற ஏற வாங்குவார்கள். உச்சத்தில் தங்களுடையதை விற்றுவிடுவார்கள். ஒன்பது புரோக்கர் நிறுவனங்களும் குறைந்தது 60 வாடிக்கையாளர்களும் பாதிக்கப்பட்டதாகக் குற்றப்பத்திரிகை சொன்னது. சென்னைக்காரர் ஒருவர் பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2010ல் அவருக்கு 81 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. திருடர்கள் யாருடைய கணக்கிலிருந்தும் ஒரு டாலரைக்கூட நேரடியாக எடுக்கவில்லை. இந்தியாவிலும் டிரேடிங் கணக்கிலிருந்து பணம் வெளியே போவதென்றால் பதிவான வங்கிக் கணக்குக்குத்தான் போகும். அதை நம்பி, 'உள்ளே வந்தாலும் என்ன எடுத்துவிட முடியும்' என்று அலட்சியமாக இருப்பவர்கள் உண்டு. எடுக்கத் தேவையில்லை, நஷ்டப்படுத்தினால் போதும். ஆளரவம் இல்லாத ஓர் ஆப்ஷன் ஒப்பந்தத்தைத் திருடன் தன் கூட்டாளியின் கணக்கிலிருந்து அநியாய விலைக்கு விற்பனைக்கு வைப்பான். கைப்பற்றிய கணக்கிலிருந்து அதை வாங்குவான். ஒருவர் நஷ்டம் இன்னொருவர் லாபமாக மாற ஐந்து நிமிடம் போதும், அதுவும் சந்தையின் வழியாகவே.

பாஸ்வேர்டைத் திருடியவனிடம் ஓடிபி வரும் சிம் இருக்காது என்பதுதான் எஸ்எம்எஸ் சரிபார்ப்பின் முழுத் தர்க்கமும். எளிய தர்க்கம், ஆனால் நன்றாகவே வேலை செய்கிறது. கூகுள் நிறுவனம் இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து செய்த ஆய்வை 2019 மே மாதம் வெளியிட்டது. கணக்கோடு ஒரு போன் நம்பரை இணைத்து எஸ்எம்எஸ் கோட் கேட்டால், தானியங்கி நிரல்கள் நடத்தும் தாக்குதல் 100 சதவீதமும், மொத்தமாக வலைவீசும் ஏமாற்று 96 சதவீதமும், ஒருவரையே குறிவைத்து நடக்கும் தாக்குதல் 76 சதவீதமும் தடுக்கப்பட்டதாக அது சொன்னது. மிச்சமிருக்கும் 24 சதவீதத்தில்தான் நம் கதையின் மறுபாதி இருக்கிறது.

அதற்குமுன் இந்தியாவுக்கே உரிய இன்னொரு ஓடிபியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். லாகின் ஓடிபி புரோக்கர் அனுப்புவது. கையில் உள்ள பங்கை விற்கும்போது கேட்கப்படுவது வேறு: டீபின் என்ற ரகசிய எண், அதன் பின்னால் ஓர் ஓடிபி. சிடிஎஸ்எல் டெபாசிட்டரியில் கணக்கு இருப்பவர்களுக்கு இதை அனுப்புவது சிடிஎஸ்எல்லே. புரோக்கருக்கு இதில் கை கிடையாது. இந்த முறை 2020ல் வந்தது. அதற்கு ஓராண்டு முன்பு நடந்தது கார்வி என்ற புரோக்கர் நிறுவனத்தின் விவகாரம். வாடிக்கையாளர்கள் எழுதிக்கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னியை வைத்து 2,000 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பங்குகளை அந்த நிறுவனம் தவறாகப் பயன்படுத்தியதாக 2019 நவம்பரில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி தடை உத்தரவு போட்டது. பிறகு 2022ல் பவர் ஆஃப் அட்டர்னிக்குப் பதிலாக, அதிகாரம் குறுக்கப்பட்ட டிடிபிஐ என்ற பத்திரம் வந்தது.

டிடிபிஐயில் கையெழுத்துப் போட்டவருக்கு விற்கும்போது டீபின் தேவைப்படாது. ஆப்ஷன், ஃபியூச்சர், அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடே ஆகியவற்றுக்கு யாருக்குமே தேவைப்படாது. அதாவது டீபின் காவல் காப்பது நீண்ட நாளாக வைத்திருக்கும் பங்குகளை மட்டும். கணக்கில் சும்மா கிடக்கும் ரொக்கத்துக்குக் காவல் லாகின் ஓடிபிதான். வியாபாரம் செய்யாத நாட்களில் அந்தப் பணத்தை வங்கிக்கே திருப்பி அனுப்பிவைப்பது நல்ல பழக்கம். வேகத்தை விரும்புகிறவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள்.

இனி அந்த 24 சதவீதம். சென்னைக்காரர்கள் மேல் வழக்குப் போட்ட அதே எஸ்இசிக்கு 2024 ஜனவரி 9 அன்று ஒரு சங்கடம் வந்தது. அதன் அதிகாரப்பூர்வ எக்ஸ் கணக்கில், பிட்காயின் நிதிகளுக்கு அனுமதி கொடுத்தாயிற்று என்று ஒரு பதிவு வெளியானது. பிட்காயின் விலை ஆயிரம் டாலருக்கு மேல் எகிறியது. பொய் என்று தெரிந்ததும் இரண்டாயிரத்துக்கு மேல் விழுந்தது. கணக்கோடு இணைந்திருந்த செல்போன் நம்பருக்கு, போலி அடையாள அட்டை காட்டி ஒருவன் புது சிம் வாங்கியிருந்தான். 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று போட்டால் வரும் கோட் அந்தப் புது சிம்முக்குப் போனது. இரண்டடுக்குச் சரிபார்ப்பு அந்தக் கணக்கில் முந்தைய ஆண்டு ஜூலையிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. அது இருந்து, எஸ்எம்எஸ் வழியாகவே இருந்திருந்தால், அந்தக் கோடும் அதே சிம்முக்குத்தான் போயிருக்கும்.

சிம் ஸ்வாப் என்று இதற்குப் பெயர். அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட், எஸ்எம்எஸ் கோடை 2017லேயே கட்டுப்பாட்டுடன் பயன்படுத்த வேண்டிய முறைகளின் பட்டியலில் வைத்துவிட்டது. இந்தியாவில் இரண்டு தடைகள் உண்டு. சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. சிம் மாற்றிய ஏழு நாட்களுக்குள் நம்பரை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது என்ற விதி 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. எனவே கையில் இருக்கும் போனில் காரணமில்லாமல் சிக்னல் செத்து, பக்கத்தில் இருப்பவர் போனில் அதே கம்பெனி டவர் நன்றாக எடுத்தால், டவரைத் திட்டிக்கொண்டு உட்காரக் கூடாது. யாரோ புது சிம் வாங்கியிருக்கலாம் என்று உடனே கம்பெனிக்குப் பேச வேண்டும். அந்த 24 மணி நேரம் நம் பக்கம் இருக்கும் அவகாசம்.

திருடனே இல்லாமலும் நம்பர் கைமாறும். ரீசார்ஜ் செய்யாமல் 90 நாட்களுக்கு மேல் கிடந்த ப்ரீபெய்டு நம்பர் துண்டிக்கப்படலாம். துண்டித்த பிறகு குறைந்தது 90 நாட்கள் கழித்து அது புதிய ஒருவருக்கு ஒதுக்கப்படுகிறது என்று 2023ல் உச்ச நீதிமன்றத்திடம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தெரிவித்தது. கணக்கு தொடங்கியபோது கொடுத்த இரண்டாவது சிம், கேரளத் தோட்டத்தில் டவர் கிடைக்கிறதே என்று வாங்கிய சிம், வேலைக்கு வெளிநாடு போன மகன் விட்டுப்போன சிம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். புதுப்பூட்டு போட்டுவிட்டு சாவியை வழியில் போகிறவர் கையில் கொடுத்ததற்குச் சமம்.

ஆகவே ஆப்பில் எஸ்எம்எஸ் சரிபார்ப்பை 'ஆன்' செய்வதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. இந்தியப் புரோக்கர்களிடம் அது ஏற்கெனவே கட்டாயம். வேலை அதற்கு முன்னால் இருக்கிறது. புரோக்கரின் ஆப்பில் ப்ரொபைல் பக்கத்தைத் திறந்து எந்த நம்பர், எந்த மின்னஞ்சல் பதிவாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வங்கியில் எந்த நம்பர், ஆதாரில் எந்த நம்பர் என்றும் பார்க்க வேண்டும். மூன்றும் மூன்று விதமாக இருப்பது அபூர்வம் அல்ல. ஆதாரிலிருந்து தொடங்குவது உத்தமம்; ஆன்லைனில் புரோக்கரிடம் நம்பரை மாற்றப் போனால் கையெழுத்துக்குப் பதிலாக ஆதார் ஓடிபியைத்தான் கேட்பார்கள். ஆதாரில் மொபைல் நம்பர் மாற்ற ஆதார் மையத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி மூலம் தபால்காரரே வீட்டுக்கு வந்து மாற்றித்தரும் வசதி 2021லிருந்து இருக்கிறது. கிராமத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி, தெரிந்தவர்கள்தான் குறைவு.

மகன் நம்பரைப் போட்டது சட்டப்படி தப்பா? செபி 2011ல் சொன்னதன் சாரம் இது: ஒவ்வொரு முதலீட்டாளருக்கும் தனி நம்பர், தனி மின்னஞ்சல் வேண்டும். கணவன், மனைவி, சார்ந்து வாழும் பெற்றோர், பிள்ளைகள் என ஒரே குடும்பம் என்றால், எழுதிக் கேட்டால் ஒரே நம்பரை ஏற்கலாம். ஏஜென்ட் அந்தப் பட்டியலில் இல்லை. ஏஜென்ட் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இல்லை. எக்ஸ்சேஞ்ச் தினமும் அனுப்பும் 'இன்று உங்கள் கணக்கில் இவ்வளவுக்கு வியாபாரம் நடந்தது' என்ற எஸ்எம்எஸ்ஸும் பதிவான அந்த நம்பருக்குத்தான் போகிறது. நம்பர் ஏஜென்ட்டுடையதாக இருந்தால், அவர் செய்த வியாபாரத்தைப் பற்றிய தகவலை அவருக்கே அனுப்பித் திருப்திப்பட்டுக்கொள்ளும் அந்த ஏற்பாடு.

போடியிலும் கம்பத்திலும் இருந்து விடிகாலை ஜீப் ஏறி மலைக்கு மேலே தோட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு வேறொரு கஷ்டம். போடிமெட்டு, கம்பம்மெட்டுப் பாதைகளில் சிக்னல் வரும், போகும். ஓடிபி வந்து சேரும்போது அதன் ஆயுள் முடிந்திருக்கும். சமவெளியில் இருந்தாலும் எஸ்எம்எஸ் தவறாமல் வரும் என்று சொல்ல முடியாது. 2021 மார்ச் 8 அன்று, வணிக எஸ்எம்எஸ்களை முன்கூட்டியே பதிவு செய்த வாசகத்தோடு ஒப்பிட்டு வடிகட்டும் முறையைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அமல்படுத்தின. அன்று நாடு முழுக்க ஓடிபிகள் சிக்கிக்கொண்டன. வங்கிப் பரிமாற்றம் முதல் தடுப்பூசிப் பதிவு வரை தடுமாறியது. டிராய் அந்த ஏற்பாட்டை ஒரு வாரம் ஒத்திவைக்க வேண்டியிருந்தது.

இதற்கு மாற்று டிஓடிபி. ஆத்தன்டிகேட்டர் என்ற ஆப்பைப் போனில் இறக்கி, புரோக்கர் காட்டும் க்யூஆர் கோடை ஒரு முறை ஸ்கேன் செய்தால் போதும். ரகசிய எண் ஒன்று இரண்டு பக்கமும் பதிவாகிவிடும். அந்த எண்ணையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, 30 விநாடிக்கு ஒரு புது ஆறு இலக்கத்தை ஆப் தானே காட்டும். டவர் வேண்டாம், சிம் வேண்டாம், எஸ்டேட் பங்களாவின் வைஃபை இருந்தால் லாகின் ஆகலாம். நம்பரைத் திருடியவனுக்கும் இதனால் பயன் கிடையாது. ஒரே சிக்கல், போன் தொலைந்தால் ஆப்பும் போகும். அமைக்கும்போது காட்டும் அந்த ரகசிய எண்ணை ஒரு தாளில் எழுதி பத்திரங்களோடு வைத்துக்கொள்வது அதற்காகத்தான். பெரும்பாலோருக்கு எஸ்எம்எஸ் போதும். கணக்கில் பெரிய தொகை வைத்திருப்பவர்களும் மலை ஏறி இறங்குகிறவர்களும் டிஓடிபிக்கு மாறுவது நல்லது.

சிம்மையும் போனையும் கணக்கையும் ஒன்றோடொன்று கட்டிப்போடும் யோசனையை, யுபிஐ ஆப்களில் இருப்பதைப் போல, 2025 பிப்ரவரியில் செபி கருத்துக் கேட்புக்கு வைத்தது.

எந்தச் சரிபார்ப்பாலும் தடுக்க முடியாதது, உரியவரே ஓடிபியை எடுத்துக் கொடுப்பது. "சார், புரோக்கிங் ஆபீஸ்ல இருந்து பேசுறோம். உங்க கேஒய்சி இன்னையோட முடியுது. ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க." குரல் மரியாதையாக இருக்கும், பெயரும் பான் நம்பரும் சரியாகச் சொல்லும். இதைவிட நைசான வழி வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு: கல்யாணப் பத்திரிகை, பிஎம் கிசான் பட்டியல், ஆர்டிஓ அபராதம் என்று ஏதாவது பெயரில் இருக்கும். தொட்டு நிறுவினால் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால், அதன்பின் வரும் ஒவ்வொரு ஓடிபியும் சத்தமில்லாமல் வேறு ஊருக்கும் ஒரு நகல் போகும். கல்யாணப் பத்திரிகைக்கு நம் எஸ்எம்எஸ்ஸைப் படிக்கும் தேவை எதற்கு?

சித்திரைத் திருவிழாவில் வீரபாண்டி தாங்காத கூட்டம் வரும். அக்னிச்சட்டி ஊர்வலத்து நெரிசலில் போன் ஒன்று காணாமல் போனதாக வைத்துக்கொள்வோம். வேறொருவர் போனிலிருந்து முதலில் சிம் கம்பெனிக்குப் பேசி நம்பரை முடக்க வேண்டும். அடுத்தது புரோக்கர். கணக்கின் ஆன்லைன் நுழைவை வாடிக்கையாளர் கேட்டதும் முடக்கும் வசதியை 2024 ஜூலை 1 முதல் எல்லாப் புரோக்கர்களும் தர வேண்டும் என்பது செபி விதி. சந்தை நேரத்தில் கேட்டால் 15 நிமிடத்தில் முடிய வேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண். காவல் நிலையப் புகார் எண் கிடைத்ததும் சஞ்சார் சாத்தி தளத்தில் போனையே முடக்கலாம். புது சிம் வாங்கினாலும் முதல் ஒரு நாள் ஓடிபி வராது என்பதால், ஆப்ஷனோ ஃபியூச்சரோ பாக்கி வைத்திருப்பவர்கள் புரோக்கரின் டிரேடிங் டெஸ்க் நம்பரைப் போனுக்கு வெளியே எங்காவது எழுதி வைத்திருக்க வேண்டும். கணக்கை முடக்குவது உள்ளே நுழையும் வழியை மட்டும்தான் அடைக்கும். பாக்கி ஒப்பந்தங்கள் அப்படியே நடப்பில் இருக்கும், அவற்றின் விவரத்தையும் காலாவதி நாளையும் புரோக்கர் தெரிவிக்க வேண்டும்.